வேளிக் காயலில் நண்டுதின்னி

1

இந்தப் புரட்டாசியோடு நாங்கள் திருவனந்தபுரத்துக்கு வந்து ஏழு வருடம் நிறைந்துவிட்டது. இந்தியாவில் கொடி மாறிய அடுத்த மாதம் தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, இரண்டு ரயில் மாறி, மகளை இடுப்பிலும் தட்டெழுத்து யந்திரத்தைத் தலையிலும் சுமந்துகொண்டு இங்கே வந்து சேர்ந்தேன். உண்மையில் யந்திரத்தைத் தலையில் சுமந்தது ரயிலடிக் கூலிக்காரர். ஆனால் நான் கதை சொல்லும்போது அது என் தலையாகத்தான் இருக்கும். யாழ்ப்பாணத்தில், எங்கள் மண்டைதீவில் என்னைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. நான் கொஞ்சம் கூட்டிச் சொல்லுகிற ஆள்.

இந்த முறை கூட்டாமல் எழுதப் பார்க்கிறேன். அதற்குக் காரணம் ஒரு பறவை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு முன்னுரை.

சாலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் தட்டெழுத்துப் பள்ளி நடக்கிறது. அங்கே நான் ஆசிரியன். கீழே வேட்டி கிழிக்கிற சத்தம், மேலே பத்து யந்திரங்களின் சத்தம். இரண்டுக்கும் நடுவே என் மலையாளம் யாருக்கும் கேட்பதில்லை என்பது என் அதிர்ஷ்டம். வீடு ஸ்ரீவராகத்துக்கு இந்தப் பக்கம், நாஞ்சில் நாட்டுப் பிள்ளை ஒருவருடைய வீட்டின் பின்கட்டு. பிள்ளை சாலையில் அரிசி வியாபாரி. நல்ல மனிதர், பழுத்த சைவர். சாவியைக் கையில் தரும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “வீட்டுக்குள்ள மீன் வாடை வரப்பிடாது, பாத்துக்கிடும்.”

ஆகவே ஏழு வருடமாக எங்கள் வீட்டில் நண்டு கிடையாது. என் நிலைமையை யாழ்ப்பாணத்தாருக்கு இதைவிட விளக்கமாகச் சொல்ல என்னால் முடியாது. சாப்பாட்டுக் கடைகளில் கிடைக்குமே என்பீர்கள். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, நிலத்தில் சம்மணம் கட்டி உட்கார்ந்து, காலை உடைத்து, கையெல்லாம் குழம்பு வழியத் தின்னுகிற பண்டம் அது. அதை மேசை போட்ட கடையில் போய் எப்படித் தின்பது? புட்டு இங்கேயும் உண்டு. ஆனால் வாழைப்பழத்தைப் போட்டுப் பிசைகிறார்கள். முதல் தடவை அதைப் பார்த்தபோது என் மனைவி பரமேசு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இப்போது அவளே பிசைகிறாள்.

2

ஊரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் நாலு வீட்டுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் நாலு வீட்டார் வருவார்கள். இங்கே எங்களுக்குப் போக வீடு இல்லை. முதல் வருடம் இதை நினைத்துப் பரமேசு அழுதாள். இரண்டாம் வருடம் நாங்கள் வேளிக் காயலைக் கண்டுபிடித்தோம்.

வள்ளக்கடவில் வள்ளம் ஏறினால் புத்தனாறு வழியாகக் கொண்டுபோய்க் காயலில் விடுவார்கள். வழியெல்லாம் தென்னமட்டை ஊறுகிற நாற்றம். தவமணி சின்னப் பிள்ளையாக இருந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டே கால்களை ஆட்டிக்கொண்டு வருவாள். காயல் கடலோடு சேருகிற இடத்தில் ஒரு மணல்திட்டு இருக்கிறது. அதைப் பொழி என்கிறார்கள். மழைத் தண்ணீர் நிறைந்து திட்டு உடைந்தால் காயல் வடிந்துபோய்ச் சேறு வெளியே வரும். பிறகு பார்க்க வேண்டும், பந்தி விரித்துக் கூப்பிட்டது போலப் பறவைகள் வந்து இறங்குவதை.

கரையில் சர்க்கார் ஒரு தகரப் பலகை நட்டிருக்கிறது. இங்கே பறவைகளைச் சுடக்கூடாது என்று மலையாளத்திலும் இங்கிலீஷிலும் எழுதியிருக்கிறது. பலகை துருப்பிடித்து, இங்கிலீஷ் பாதி போய்விட்டது. பறவைகள் மலையாளம் படிக்கும் என்று நினைக்கிறேன். பலகைக்கு இந்தப் பக்கம்தான் நெருக்கியடித்து உட்காரும்.

அவை தின்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எங்களுக்குப் பசி மறந்துவிடும். சின்னக் கொக்கு ஒன்று ஒற்றைக் காலைத் தண்ணீருக்குள் விட்டு நடுக்கும். சேறு கலங்கும், மீன் பதறி வெளியே வரும், அலகு இறங்கும். கால் மஞ்சள், அலகு கறுப்பு, வேலை சுத்தம். பொடி உள்ளான்கள் சேற்றைக் கொத்துகிற வேகத்தைப் பார்த்தால் என்னுடைய பழைய மாணவர்கள் யாராவது மறுபிறவி எடுத்திருக்கிறார்களோ என்று தோன்றும். நெட்டைக்கால் உள்ளான் மட்டும் புதிதாகச் சேர்ந்த மாணவன், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடிக்கிறது. மேலே செம்பருந்து வட்டம் போடும். ஆலா கல்லைப் போல விழுந்து மீனோடு எழும்பும். பார்க்கப் பார்க்க நெஞ்சு நிறைந்துபோகிறது. உறவினர் வீட்டுக்குப் போனால் இவ்வளவு சந்தோஷமாகத் திரும்பி வந்திருப்போமா என்பது சந்தேகம்தான்.

ஆவணி முடிகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை, திட்டின் கடைசி முனையில் ஒரு புதிய ஆளைக் கண்டேன். வெள்ளை உடம்பு, முதுகில் கறுப்புப் பட்டை, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு கூனிய நிலை. ஓடியது, நின்றது, குனிந்தது. எனக்குத் தலைமுதல் கால்வரை ஒரு சிலிர்ப்பு. எங்கள் பண்ணைக் கடலில், தண்ணீர் வற்றுகிற வத்துக் காலத்தில், மண்டைதீவுக் கரையில் கூட்டம் கூட்டமாக நின்று நண்டு பிடிக்கிற அதே பறவை. புத்தகத்தில் அதற்கு என்ன பெயரோ, எங்களுக்கு நண்டுதின்னி. தவமணியின் தோளைப் பிடித்துத் திருப்பி, எங்கட ஊர்ப் பறவை, எங்கட ஊர்ப் பறவை என்று கத்தினேன். அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தது ஒரு புள்ளி.

3

இங்கே பிறநாட்டார் வருடத்துக்கு ஒருமுறை போய் இருப்பைப் பதிய வேண்டும். அந்த அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா, நான் எழுதிக்கொடுக்கிறதில் எதையாவது ஒன்றை வெட்டாமல் கடுதாசியை உள்ளே வாங்க மாட்டார். எதை வெட்டுவார் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. முதல் வருடம் பிறந்த இடம் மண்டைதீவு என்று எழுதினேன். அந்தமானில் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, யாழ்ப்பாணம் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. “ஜாப்பாணமோ? புகையில?” என்றார். இங்கே அந்தப் பெயர் ஓர் ஊருக்கு அல்ல, வெற்றிலையோடு போடுகிற புகையிலைக்குத்தான் தெரியும். பக்கத்து மேசைக்காரரிடமும் என்னைக் காட்டி, புகையில நாட்டுக்காரர் என்று அறிமுகம் செய்தார். அன்று முதல் அங்கே எனக்கு அதுதான் பெயர்.

என் தமிழைக் கேட்டு நான் வடக்கே பாலக்காட்டுப் பக்கத்து மலையாளியா என்று தமிழர்கள் கேட்கிறார்கள். என் மலையாளத்தைக் கேட்டு மலையாளிகள் தமிழிலேயே பேசச் சொல்கிறார்கள். சிரித்துக்கொண்டு போய்விடலாம். நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். ஆனால் வீட்டுக்குள்ளேயே ஒருத்தி வெட்டத் தொடங்கினாள்.

4

தவமணிக்குப் பதினொரு வயது. நாலு வயதில் வந்தவள். பள்ளிக்கூடம் மலையாளம், சிநேகிதிகள் மலையாளம், கனவில் புலம்புவதும் மலையாளம். வீட்டில் நான் அப்பா, வாசல் படலையைத் தாண்டினால் அச்சன். இதெல்லாம் நடக்கிறதுதான், நான் அதற்காக மூக்கைச் சிந்தவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஜானகி டீச்சர் என்று ஒருவர் இயற்கைப் பாடம் எடுக்கிறார். ஐம்பது வயது, கரை போட்ட முண்டு, கையில் எப்போதும் குடை. பறவைப் புத்தகங்களைக் கரைத்துக் குடித்தவர். அவர் சொன்னால் என் மகளுக்கு மறுபேச்சு இல்லை. கண்ணால் கண்ட பத்துப் பறவைகளை எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். ஒன்பது எழுதிவிட்டு, பத்தாவதற்கு என்னிடம் வந்தாள். நான் நண்டுதின்னி என்றேன். மலையாள எழுத்தில் கொப்பியில் எழுதிக்கொண்டு போனாள்.

அன்று சாயந்தரம் அந்த வரியின் மேல் சிவப்புக் கோடு இருந்தது. டீச்சர் வகுப்பின் முன்னால் நிறுத்தி விசாரித்திருக்கிறார். இது நண்டு தின்றதை நீ கண்டாயா? இல்லை. யார் சொன்னது? அச்சன். அச்சன் எங்கே கண்டார்? ஜாப்பாணத்தில். வகுப்பு சிரித்திருக்கிறது. இந்தக் கரையில் அப்படி ஒரு பறவை இல்லை என்று சொல்லி டீச்சர் வெட்டிவிட்டார்.

டீச்சருக்கு என்ன தெரியும் என்று நான் துள்ளினேன். அவள் கொப்பியை மூடி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்:

“நீங்கள் எல்லாத்தையும் யாழ்ப்பாணம் ஆக்கிறியள், அப்பா.”

அவள் சொன்னதில் பிழை இல்லை. இங்கே ஒரு மாம்பழத்தைத் தின்றால் அங்கே இதைப்போல் இரண்டு மடங்கு என்பேன். கிணறு என்றால் எங்கள் கிணறு பாதாளம்வரை போகும். வயல்வெளியில் நாலு மயில் நின்றால் அங்கே மயில் கோழியோடு மேயும் என்பேன். நாலு வயதில் எல்லாவற்றையும் வாயைத் திறந்து கேட்டவள், இப்போது ஒவ்வொன்றுக்கும், நீங்கள் கண்டனீங்களோ என்று கேட்கிறாள். மழை வரும்போல இருக்கிறது என்று சொன்னால்கூட வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் குடையை எடுக்கிறாள்.

மலையாளம் பேசட்டும், என்னை அச்சன் என்று கூப்பிடட்டும். ஆனால் அப்பன் வாயில் வருவது எல்லாம் புளுகு என்று அவள் மனதில் ஒருமுறை பதிந்துவிட்டால், பிறகு நான் என்ன மொழியில் எதைச் சொல்லி என்ன பயன்? என் கைவிட்டுப் போகப் போனது ஊர் அல்ல, என் பிள்ளை. அந்தச் சிவப்புக் கோட்டை அழிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தயாரித்து வைத்திருந்த மலையாளம் டீச்சரின் குடையைக் கண்டதும் ஓடிவிட்டது. தமிழிலேயே சொன்னேன். அவர் மறிக்காமல் கேட்டார். ஒரு பறவையைத் தின்பதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், தூரத்துப் புள்ளிக்குப் பெயர் வைக்கக்கூடாது என்றார். எனக்கே அது நியாயமாகப் பட்டது. வந்து பாருங்கள் என்றேன். சனிக்கிழமை வந்து பன்னிரண்டு மணிவரை இருக்கிறேன், காட்டித் தந்தால் சம்மதிக்கிறேன் என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்ன பிறகுதான் பரமேசு நினைவூட்டினாள், அது புரட்டாசிச் சனி.

5

வள்ளத்தில் போகும்போது நண்டுதின்னி நண்டை எப்படித் தின்னும் என்று முழுவதும் சொன்னேன். ஓடிப்போய்க் கவ்வும், உதறும், உதறுகிற உதறலில் கால்கள் ஒவ்வொன்றாகக் கழன்று போகும், பிறகு உடம்பை ஒரே வாயில் விழுங்கும், பெரிதாக இருந்தால் மட்டும் நிலத்தில் வைத்துக் கொத்தித் திறக்கும். தவமணி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். கேட்டதாகவே தெரியவில்லை. பரமேசுவின் மடியில் ஓலைப் பெட்டி இருந்தது. சாப்பாடு என்று நினைத்தேன்.

எட்டு மணிக்கே டீச்சர் வந்துவிட்டார். ஒரு கையில் குடை, கழுத்தில் தொலைநோக்குக் கண்ணாடி. சேறு நன்றாக வெளியே வந்து, கொக்கும் உள்ளானும் பந்தியில் நெருக்கமாக இருந்தன. நண்டுதின்னியும் இருந்தது. ஆனால் மறு முனையில், கானல் பறக்கிற தூரத்தில். அது ஒரு நண்டைப் பிடித்த உடனே இரண்டு காகங்கள் மேலே பாயும். அது நண்டைப் போட்டுவிட்டு இன்னும் தூரம் போகும். காகங்கள் நண்டைப் பங்கு போடும். ஒன்பது மணிவரை இதுதான், பத்து மணிவரை இதுதான். டீச்சர் கண்ணாடியை இறக்கி, இது ஏதோ ஆலா என்றார். தவமணி என்னைப் பார்க்கவில்லை. நான் அந்த இரண்டு காகத்தையும் மனதுக்குள் ஏசாத ஏச்சில்லை.

பதினொன்றரை மணிக்குப் பரமேசு ஓலைப் பெட்டியைத் திறந்தாள். வாழையிலை, சோறு, மேலே எள்ளும் கத்தரிக்காய்க் கறியும். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. புரட்டாசிச் சனி பிடிக்கிறவர்கள் காகத்துக்குச் சோறு வைத்து, அது வந்து தின்ற பிறகுதான் வாயில் வைப்பார்கள். விடியச் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வந்தவள், வள்ளம் திரும்பப் பின்னேரம் ஆகிவிடும் என்று கணக்குப் பார்த்துக் காகச் சோற்றையும் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

இன்னும் அரை மணித்தியாலம் பொறு என்றேன். தவமணி தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, காகம் வந்தால் எல்லாம் பறந்துபோகும் என்று கெஞ்சினாள். டீச்சரும் அந்தப் பக்கம் குடையைச் சாய்த்துப் பார்த்தார். பரமேசு இலையை மணலில் விரித்தபடியே என்னிடம் சொன்னாள்:

“இஞ்சாருங்கோ, உங்கட குருவிக்காகச் சனீஸ்வரனோடை விளையாட என்னாலை ஏலாது.”

தென்னந்தோப்பைப் பார்த்து அவள் இரண்டு தரம் கா கா என்று கூப்பிட்டாள். எங்கள் பெண்களுக்கு அந்தக் கூப்பிடுகையில் என்ன மாயம் இருக்கிறதோ. நாலு காகம், பத்துக் காகம், பிறகு எண்ண முடியவில்லை. கூட்டிச் சொல்லக்கூடாது என்று நினைவு வருகிறது, முப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சத்தத்தில் காயல் முழுவதும் ஒரே சமயத்தில் எழும்பியது. உள்ளான் கூட்டம் இரண்டாகப் பிரிந்து கடலுக்கு மேலே போயிற்று. கொக்குகள் எதிர்க்கரைக்குப் போயின. நண்டுதின்னி எந்தப் பக்கம் போனது என்றே நான் காணவில்லை.

தவமணி மணலில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்றேன். கையை அவள் தலையில் வைக்கவும் துணிவில்லை.

டீச்சர் குடையை மடக்கினார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கையைக் கூப்பிக்கொண்டு இலைக்குச் சற்றுத் தள்ளி வந்து நின்று, தாழ்ந்த குரலில் என்னைக் கேட்டார்:

“ஆருடெ பலியாணு?”

யாருக்குப் பலிச்சோறு என்று கேட்கிறார். இந்த நாட்டார் காகத்தைக் கூப்பிட்டுச் சோறு வைப்பது செத்தவர்களுக்காக மட்டும்தான். எங்கள் வீட்டில் யாருக்கோ இன்று திதி, அதையும் தள்ளி வைத்துவிட்டு நாங்கள் ஒரு பறவையைக் காட்ட வந்திருக்கிறோம் என்று அவர் நினைத்துவிட்டார். யாரும் சாகவில்லை, இது சனீஸ்வரனுக்கு என்று நானும் பரமேசுவும் மாறி மாறி விளக்கினோம். அவர் நம்பாமல் தவமணியைப் பார்த்தார். அவள் முகத்தை எடுக்காமலே மலையாளத்தில் சரியாகச் சொன்னாள். டீச்சருக்கு முதலில் வெட்கம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. வாயை முண்டு முனையால் பொத்திக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில் பரமேசுவும் விரதத்தை மறந்து சிரித்தாள். நான் மட்டும் சிரிக்கவில்லை. பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

முதலில் கண்டது டீச்சர்தான். சிரிப்பு பாதியில் நின்றது. கையை மட்டும் மெல்ல நீட்டினார்.

நண்டுதின்னி திரும்பி வந்திருந்தது. கடைசி முனையில் அல்ல, எங்களிடமிருந்து முப்பது அடிக்குள், ஈரச் சேற்றில். தொல்லை கொடுத்த இரண்டு காகங்களும் எங்களுக்குப் பின்னால் கத்தரிக்காய்க் கறியில் அலகை விட்டுக்கொண்டிருந்தன. காயலில் ஒரு காகம்கூட இல்லை. அந்தப் பறவைக்கு இத்தனை நாளில் இன்றுதான் நிம்மதியான சாப்பாடு என்பது அது நின்ற நிலையிலேயே தெரிந்தது.

தடித்த கறுப்பு அலகு, சாம்பல் நீலக் கால். கழுத்தை உள்ளே இழுத்து நின்றது. நாலு அடி ஓடியது, நின்றது. திடீரென்று பாய்ந்து ஒரு நண்டைத் தூக்கியது.

“இனி காலொடிக்கும்,” என்றாள் தவமணி. எப்போது எழுந்து டீச்சரின் பக்கத்தில் போய் நின்றாள் என்று தெரியாது.

அது நண்டை உதறியது. ஒரு கால் தெறித்தது. மறுபடி உதறியது. இன்னொன்று.

“இனி அங்ஙனெ விழுங்ஙும்.”

விழுங்கியது. தொண்டையில் அது இறங்குவது தெரிந்தது. எனக்கும் தொண்டையில் ஏதோ இறங்கிற்று. ஏழு வருட ஆசை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நண்டு பெரியது. நிலத்தில் வைத்துக் கொத்தித் திறக்கும் என்று என் மகள் சொன்னாள். அப்படியே திறந்தது. டீச்சர் கண்ணாடியை எடுக்கவே மறந்துபோய், பறவையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். இதெல்லாம் நீ எங்கே படித்தாய் என்று மெதுவாகக் கேட்டார்.

“என்றெ அச்சன் பறஞ்ஞதா,” என்றாள் தவமணி.

என் அச்சன் சொன்னது. அவ்வளவுதான். நான் திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணில் உப்புக் காற்றுப் பட்டது என்று எழுதலாம். ஆனால் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அழுதேன்.

பன்னிரண்டு அடித்து வெகு நேரமான பிறகும் டீச்சர் போகவில்லை. ஆறு நண்டு எண்ணினார். காகங்கள் விட்டுவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, பரமேசு கொடுத்த சோற்றைச் சாப்பிட்டார். பிறகு கொப்பியை வாங்கி, சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் அதே சிவப்புப் பென்சிலால், ஞானும் கண்டு, அதாவது நானும் கண்டேன், என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். என்னிடம் வந்து, தூரத்துப் புள்ளிக்குப் பெயர் வைக்கக்கூடாது என்பதில் மட்டும் தனக்கு மாற்றம் இல்லை என்றார். நல்ல டீச்சர்.

6

திரும்பி வருகிற வள்ளத்தில் பரமேசு பெட்டியில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டாள். தவமணி எனக்கு எதிரே உட்கார்ந்து கொப்பியில் புதுப் பக்கம் ஒன்றைத் திறந்தாள்.

“அங்கை வேறை என்னென்ன பறவை இருக்கு, அப்பா?”

அவள் என்னிடம் அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டு இரண்டு வருடமாவது இருக்கும். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பூநாரை என்றேன், எழுதினாள். கூழைக்கடா, எழுதினாள். நீர்க்காகம், அரிவாள்மூக்கன், ஆள்காட்டி, கடற்கரையில் மணலுக்குள் முட்டையிடுகிற சின்ன ஆலா. எல்லாம் மலையாள எழுத்தில் வரிசையாக இறங்கின. எனக்கு உற்சாகம் பிடித்துவிட்டது. பனைமரத்துக்கு மேலே பறக்கும்போது நிழலில் ஒரு வீடே இருண்டுபோகிற கடற்கழுகு ஒன்று உண்டு, ஒருமுறை ஓர் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போனது என்றேன்.

எழுதினாள்.

நான் காத்திருந்தேன். வழக்கமான கேள்வி வரும், நான் ஏதாவது சொல்லி மழுப்புவேன், இருவருக்கும் பழக்கமானதுதான். கேள்வி வரவில்லை. அவள் ஆட்டுக்குட்டியையும் எழுதி, முற்றுப்புள்ளி வைத்து, பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு அடுத்த பெயருக்காக என் வாயைப் பார்த்தாள். நாலு வயதில் பார்த்த அதே பார்வை.

இவ்வளவு பாடுபட்டு வாங்கிய நம்பிக்கையை அரை மணித்தியாலத்தில் ஆட்டுக்குட்டிக்கு விற்றுவிட்டேனே என்று இருந்தது.

“பிள்ளை,” என்றேன், “அதை நான் கண்ணாலை காணேல்லை. ஆரோ சொல்லக் கேட்டதுதான். வெட்டிவிடு.”

அவள் தலையை நிமிர்த்தினாள். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. கொப்பியை முழங்காலில் சரியாக வைத்து, வள்ளம் ஆடாத நேரம் பார்த்து, அந்த வரியின் மேல் ஒரே ஒரு நேர்க்கோடு போட்டாள்.

“மற்றதெல்லாம் கண்டனீங்கள்தானே?”

“கண்டனான்.”

“அப்ப சொல்லுங்கோ,” என்று அடுத்த வரிக்குப் பென்சிலைக் கொண்டுபோனாள்.